24-லிருந்து 61 மெகாபிக்சலுக்கு மாறலாமா?

கேட்டவரின் நிலை இது: கையில் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமரா (ஒளியைப் பதிவுசெய்கிற சென்சார் 36-க்கு 24 மி.மீ. அளவுள்ளது) இருக்கிறது, சில வருடங்களாகப் பழுதில்லாமல் ஓடுகிறது. வீட்டு விசேஷங்கள், பயணங்கள், நேரம் கிடைத்தால் பறவைகள் என்று எடுக்கிறார். இப்போது 61 மெகாபிக்சல் கேமராவுக்கு மாறலாமா என்று யோசனை. படம் இரண்டரை மடங்கு தெளிவாகுமா, வெளிச்சம் குறைந்த இடத்தில் நாய்ஸ் (படத்தில் மணல் தூவியது மாதிரித் தெரிகிற புள்ளிகள்) கூடுமா, இருக்கிற லென்ஸ்கள் ஈடுகொடுக்குமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கூடுதல் பிக்சல்கள் என் படங்களில் கண்ணுக்குத் தெரியுமா, அதற்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும்?

பெரிய பிரிண்டுகளுக்கும் புகைப்பட நூல்களுக்கும் படங்களைத் தயார்செய்வது பல வருடங்களாக என் வேலை. 12 மெகாபிக்சல் முதல் 100 மெகாபிக்சல் வரை எல்லா வகைக் கேமராக்களின் ஃபைல்களும் என் திரைக்கு வந்து போகின்றன. நானும் படம் எடுக்கிறேன். வீடியோவும் விளையாட்டுப் போட்டிகளும் என் களம் அல்ல, அதனால் அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. மற்றபடி, நான் பார்த்தவரை விஷயம் இவ்வளவுதான்: அதிக மெகாபிக்சலின் பலன் சில படங்களில் மட்டும் கிடைக்கும், அதற்கான செலவு எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் உண்டு. அந்தச் 'சில படங்கள்' உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கணக்கு. 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 பிக்சல். 61 மெகாபிக்சல் என்றால் 9504-க்கு 6336. மொத்த எண்ணிக்கை இரண்டரை மடங்கு கூடியிருக்கிறது, சரி. ஆனால் நம் கண் நுணுக்கத்தை அளப்பது பரப்பை வைத்து அல்ல, நீளத்தை வைத்து. நீளவாக்கில் பார்த்தால் 6000 என்பது 9504 ஆகியிருக்கிறது, அதாவது 1.58 மடங்கு. தெளிவு உண்மையிலேயே இரட்டிப்பாக வேண்டுமென்றால் மெகாபிக்சல் நான்கு மடங்காக வேண்டும், 24 என்பது 96 ஆக வேண்டும். ஆகவே 'இரண்டரை மடங்கு தெளிவு' கிடையாது. எல்லாம் ஒழுங்காக அமைந்தால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் விளம்பரத்தில் இருக்கிற எண் மனத்தில் எழுப்புகிற எதிர்பார்ப்பும் இல்லை.

இந்த ஒன்றரை மடங்கு எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். 4கே டிவியில் இருப்பது 8.3 மெகாபிக்சல்தான். சாதாரண ஃபுல் எச்டி திரையில் சுமார் 2 மெகாபிக்சல். படங்களை ஃபோனிலும் டிவியிலும் மட்டும் பார்க்கிற வீட்டில், 24 மெகாபிக்சலிலேயே மூன்றில் இரண்டு பங்கு பயன்படாமல் போகிறது. பிரிண்டுக்கு வந்தால், ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான கணக்கில் 24 மெகாபிக்சல் 20 அங்குல அகலத்துக்கு வரும், 61 மெகாபிக்சல் கிட்டத்தட்ட 32 அங்குலத்துக்கு வரும். ஏ3 தாளின் நீளம் பதினாறரை அங்குலம். அதில் 24 மெகாபிக்சல் படத்தை அடித்தாலே அங்குலத்துக்கு 360 பிக்சல் விழுகிறது. நல்ல கண்பார்வை உள்ளவர் 25 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் பிரித்தறியக்கூடியது ஏறத்தாழ 350. ஆகவே ஏ3 வரை இரண்டு கேமராக்களுக்கும் வித்தியாசம் சொல்வது மிகவும் கடினம், அதுவும் வெவ்வேறு படங்களாக இருந்தால் யாராலும் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 90 பிக்சலே போதும். சுவரளவு பேனருக்கு அதைவிடக் குறைவு. 'பெரிய பிரிண்டு என்றால் அதிக மெகாபிக்சல் வேண்டும்' என்பது பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சேர்த்துக்கொள்ளாமல் சொல்லப்படுகிற பாதி உண்மை.

மீதிப் பாதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். சில படங்களைப் பார்க்கிறவர் தள்ளி நிற்பதில்லை. பெரிய நிலக்காட்சிப் பிரிண்டுக்கு முன்னால் வருகிறவர் முதலில் தூரத்தில் நின்று பார்ப்பார், அப்புறம் மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போவார். குழுப் படமும் அப்படித்தான். ஒரு வரிசையில் 25 பேர் நிற்கிற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சலில் ஆளுக்கு 240 பிக்சல் அகலம் கிடைக்கும், அதில் முகம் மட்டும் சுமார் 80 பிக்சல். 61 மெகாபிக்சலில் அதே முகம் 125 பிக்சலைத் தாண்டும். 80 பிக்சல் முகத்தில் கண், மூக்கு, வாய் இருக்கும், ஆள் யார் என்று தெரியும். 125-இல் அவர் கண் திறந்திருக்கிறாரா, சிரிக்கிறாரா, பல் தெரிகிறதா என்று தெரியும். இரண்டு அடி நீளத்துக்கு அடித்துச் சுவரில் மாட்டினால், ஒவ்வொருவரும் வந்து தன் முகத்தைத்தான் முதலில் தேடுவார்கள். இந்த வகைப் படத்துக்கு அதிக மெகாபிக்சல் நிச்சயமாக மதிப்பு வாய்ந்தது.

இன்னொரு நன்மை அதிகம் பேசப்படுவதில்லை. சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்று. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. மீதி இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. அதனால் 24 மெகாபிக்சல் கேமரா தருகிற படத்தில் முழு 24 மெகாபிக்சல் நுணுக்கம் இருப்பதில்லை. 61-இல் எடுத்து 24-க்குச் சுருக்கினால், நேராக 24-இல் எடுத்ததைவிட இழைகள் சுத்தமாக இருக்கும். நெருக்கமான நெசவுள்ள துணியில் அலையலையாக வருகிற போலி நிறக் கோடுகளும் குறையும். 2012-இல் நிகான் 36 மெகாபிக்சல் டி800 கேமராவை வெளியிட்டபோது, இந்தக் கோடுகளைத் தடுக்கிற வடிகட்டி செயல்படுகிற வடிவம் ஒன்று, அதன் விளைவை நீக்கிய டி800இ ஒன்று என்று இரண்டாக வெளியிட்டது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு பிக்சல் அடர்த்தி கூடக் கூட, அந்த வடிகட்டியே இல்லாத கேமராக்கள் சாதாரணமாகிவிட்டன. இந்த நன்மை உண்மைதான், ஆனால் இதற்காக மட்டும் கேமரா மாற்றச் சொல்ல மாட்டேன்.

இப்போது நாய்ஸ். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, கேமராவைப் பொறுத்து மாறுகிறது ஒன்று. உறுதியானது: ஒரே அளவு சென்சார், ஏறத்தாழ ஒரே தலைமுறைத் தொழில்நுட்பம், ஒரே எக்ஸ்போஷர் (சென்சாரில் விழுகிற ஒளியின் அளவு) என்றால், இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது நாய்ஸில் பெரிய வித்தியாசம் இருக்காது. நாம் பார்க்கிற நாய்ஸில் பெரும்பகுதி ஒளியின் இயல்பிலேயே இருக்கிற ஏற்ற இறக்கம். சென்சார் மொத்தமாக எவ்வளவு ஒளியைப் பிடித்தது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது, அந்த ஒளியை எத்தனை கட்டங்களாகப் பிரித்தது என்பது அல்ல. 24 மெகாபிக்சலில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 6 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), 61-இல் 3.76 மைக்ரான். பரப்பில் பார்த்தால் சிறிய பிக்சலுக்குக் கிடைப்பது பெரிய பிக்சலின் ஒளியில் 40 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே இரண்டையும் திரையில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் 61 கண்டிப்பாக அழுக்காகத்தான் தெரியும். ஆனால் அப்படிப் பார்ப்பது இரண்டு வெவ்வேறு அளவுப் பிரிண்டுகளை ஒப்பிடுவதற்குச் சமம். 'மெகாபிக்சல் கூடினால் நாய்ஸ் கூடும்' என்ற பேச்சில் முக்கால்வாசி இந்தத் தவறான ஒப்பீட்டிலிருந்து வருகிறது.

கேமராவைப் பொறுத்தது: மிக உயர்ந்த ஐஎஸ்ஓவில் (குறைந்த ஒளியிலும் படம் வெளிச்சமாக வர உயர்த்துகிற அமைப்பு), அடர்ந்த நிழல் பகுதிகளில் கதை கொஞ்சம் மாறும். ஒவ்வொரு பிக்சலையும் படித்தெடுக்கும்போது மின்சுற்று தன் பங்குக்குச் சிறிது நாய்ஸைச் சேர்க்கிறது. பிக்சல்கள் அதிகமென்றால் அந்தச் சேர்க்கையும் அதிக முறை நடக்கிறது. சோனி தன் ஏ7எஸ் வரிசையை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருப்பதற்கு வீடியோ ஒரு காரணம், இருட்டு இன்னொரு காரணம். ஐஎஸ்ஓ 6400 வரை இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கணிப்பு. 12800-க்கு மேல் குறிப்பிட்ட இரண்டு கேமராக்களை எதிரெதிரே வைத்துப் பார்க்காமல் பொதுவாக எதுவும் சொல்லக் கூடாது, ஏனென்றால் அங்கே சென்சாரைவிட நாய்ஸ் நீக்கும் மென்பொருள் படத்தை அதிகம் மாற்றிவிடுகிறது.

லென்ஸ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை வலுவாகப் பரவியிருக்கிறது: இந்த லென்ஸ் 24 வரைதான் தாங்கும், அதற்கு மேல் பயனில்லை என்பது. லென்ஸுக்கு அப்படி ஒரு வெட்டுக் கோடு கிடையாது. இறுதிப் படத்தின் நுணுக்கம் லென்ஸ் கடத்துவதையும் சென்சார் கடத்துவதையும் பெருக்கிக் கிடைப்பது. நுண்ணிய கோடுகளின் வெளிச்ச-இருள் மாறுபாட்டில் லென்ஸ் பாதியைத்தான் கடத்துகிறது, சென்சார் 60 சதவீதத்தைக் கடத்துகிறது என்று வைத்துக்கொண்டால் கடைசியில் மிஞ்சுவது 30 சதவீதம். சென்சாரை 80 சதவீதமாக உயர்த்தினால் அதே லென்ஸிலேயே 40 கிடைக்கும். ஆகவே பழைய லென்ஸிலும் முன்னேற்றம் தெரியும், படம் ஒருபோதும் மோசமாகாது. ஆனால் அந்த முன்னேற்றம் நீங்கள் கொடுத்த விலைக்கு ஏற்றதாக இருக்காது. சாதாரண ஜூம் லென்ஸில் நடுப்பகுதி நன்றாகக் கூர்மையாகும், ஓரங்கள் அப்படியே குழைந்திருக்கும். நடுவும் ஓரமும் இதுவரை ஒரே மாதிரி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது வித்தியாசம் கண்ணை உறுத்தும். இருக்கிற லென்ஸ்கள் அடிமட்ட ஜூம்கள் என்றால், அதே பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கி 24-இலேயே மாட்டுவது பெரும்பாலும் நல்ல படம் தரும்.

லென்ஸ் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் மீற முடியாத எல்லை ஒன்று இருக்கிறது. லென்ஸில் ஒளி நுழைகிற துளையான அபர்ச்சரைச் சிறிதாக்கும்போது (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) ஒளி வளைந்து பரவுகிறது. ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழுகிறது. பச்சை ஒளிக்கு அந்த வட்டத்தின் விட்டம் எஃப் 5.6-இல் சுமார் ஏழரை மைக்ரான், எஃப் 11-இல் கிட்டத்தட்ட 15, எஃப் 16-இல் 21-க்கு மேல். பிக்சலின் அகலம் 3.76 என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். எஃப் 16-இல் எடுத்தால் 61 மெகாபிக்சலின் ஆதாயத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். நிலக்காட்சி எடுக்கிறவர்கள் முன்னால் இருக்கிற பாறையும் பின்னால் இருக்கிற மலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமென்று எஃப் 16-க்குப் போவது வழக்கம். அதிக மெகாபிக்சல் கேமராவில் அந்த வழக்கத்தை மாற்றி, எஃப் 5.6 அல்லது 8-இல் ஃபோகஸை நகர்த்திப் பல படங்களாக எடுத்து இணைக்கிறார்கள். அதாவது ஒரு கிளிக்கில் முடிந்த வேலை பல கிளிக்குகளும் கணினி வேலையும் ஆகிறது.

அசைவுக்கு வருவோம். என்னிடம் வருகிற அதிக மெகாபிக்சல் ஃபைல்களில் எதிர்பார்த்த தெளிவு இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் லென்ஸ் காரணமில்லை, அசைவும் ஃபோகஸும்தான் காரணம். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத் தூரத்துக்குக் குறையக் கூடாது, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200 நொடி என்பது ஃபிலிம் காலத்து விதி. அன்றைக்கு வழக்கமாகப் போட்ட பிரிண்டுக்கு அது போதுமானதாக இருந்தது. 61 மெகாபிக்சலை முழுசாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதை இரட்டிப்பாக்குங்கள். சிலருக்கு மூன்று மடங்கு தேவைப்படும், கைக்குக் கை மாறும். கேமராவுக்குள் இருக்கிற அசைவுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும். எதிரே இருப்பவர் அசைவதை அது ஒன்றும் செய்யாது. மூன்று மீட்டர் அகலத்தைப் பிடிக்கிற சட்டகத்தில் ஒருவர் சாதாரண வேகத்தில் குறுக்கே நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், நொடிக்கு 1.4 மீட்டர். 1/125-இல் அவர் 11 மி.மீ. நகர்ந்திருப்பார். 24 மெகாபிக்சலில் அது 22 பிக்சல் இழுவை, 61-இல் 35 பிக்சல். 1/1000-க்கு உயர்த்தினாலும் 61-இல் நான்கு பிக்சலுக்கு மேல் இழுபடுகிறது. இரண்டு படங்களையும் ஒரே அளவில் பிரிண்டு போட்டால் மங்கல் ஒன்றுதான், 61 கூடுதல் கெடுதல் செய்யவில்லை. ஆனால் வாங்கிய கூடுதல் பிக்சல்கள் அத்தனையும் அந்த மங்கலைத்தான் நுணுக்கமாகப் பதிவுசெய்திருக்கின்றன.

நாய்ஸ் பற்றிய கேள்விக்கு முழுப் பதில் இங்கேதான் கிடைக்கிறது. பிக்சல் சிறியதாவதால் நாய்ஸ் வரவில்லை என்று சொன்னேன். ஆனால் அந்தச் சிறிய பிக்சலைப் பயன்படுத்துவதற்காக ஷட்டர் வேகத்தை இரட்டிப்பாக்கினீர்கள் இல்லையா, சென்சாருக்குள் வருகிற ஒளி பாதியாகிவிட்டது. 1/800-இல் எடுத்த பறவையை 1/1600-இல் எடுக்கிறீர்கள், ஐஎஸ்ஓ 1600 என்பது 3200 ஆகிறது. இந்த நாய்ஸ் உண்மையானது, ஒரே அளவுக்குச் சுருக்கினாலும் கொஞ்சம் மிஞ்சும். விசேஷ வீட்டுக்குள், மங்கலான விளக்கு வெளிச்சத்தில் எடுக்கிறவருக்கு இது அன்றாடப் பிரச்சினை. அங்கே ஏற்கெனவே ஐஎஸ்ஓ உச்சத்தில் இருக்கும், மேற்கொண்டு உயர்த்த இடமிருக்காது. அதனால் வேகத்தை உயர்த்தாமலே எடுப்பீர்கள், 24 மெகாபிக்சலில் கிடைத்த அதே தெளிவுதான் கிடைக்கும், ஃபைல் மட்டும் பெரிதாகும்.

ஃபோகஸும் இதே மாதிரிதான். 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து ஒன்றரை மீட்டரில் ஒரு முகத்தை எடுத்தால், புத்தகக் கணக்குப்படி சுமார் 26 மி.மீ. ஆழம் வரை கூர்மையாக இருக்கும். அந்தக் கணக்கு சாதாரண அளவுப் பிரிண்டை மனத்தில் வைத்துப் போட்டது. இரண்டு பிக்சலுக்கு மேல் மங்கக் கூடாது என்று 61 மெகாபிக்சலுக்குக் கணக்குப் போட்டால் மிஞ்சுவது ஆறேழு மில்லிமீட்டர். இமை முடி கூர்மையாக இருக்கும், அதற்குச் சற்றே உள்ளே இருக்கிற கருவிழி விட்டுப்போகும். எடுக்கிறவர் மூச்சு விடும்போது உடல் முன்னும் பின்னும் அசைவதே அந்த அளவுக்கு இருக்கும். இப்போதைய கேமராக்களின் கண் தேடும் ஃபோகஸ் இதை நிறையவே சமாளிக்கிறது, ஆனாலும் தொடர்ந்து சில படங்கள் எடுத்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறை. சோனியின் முதல் ஏ7ஆர் கேமரா 2013-இல் 36 மெகாபிக்சலோடு வந்தபோது, அதன் ஷட்டர் அடிக்கிற அதிர்வே சில டெலி லென்ஸ்களில் சில வேகங்களில் படத்தை மங்கலாக்கியது பரவலாகப் பேசப்பட்டது. அடுத்து வந்த மாடலில் ஷட்டரின் முதல் திரையை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். பிக்சல் அடர்த்தி கூடும்போது அதுவரை யாரும் கண்டுகொள்ளாத குறைகள் இப்படித்தான் வெளியே வரும்.

பறவைகள் விஷயத்தில் 61 மெகாபிக்சலுக்குச் சாதகமாகப் பேச நிறைய இருக்கிறது. பறவை எப்போதும் எட்டத்தில் இருக்கும், லென்ஸ் எப்போதும் போதாது. 24-இல் 600 பிக்சல் நீளம் வந்த பறவை 61-இல் 950 பிக்சல் வரும். 600 பிக்சலில் இறகுகள் ஒரு பரப்பாகத் தெரியும், 950-இல் தனித்தனி இறகின் விளிம்பு தெரிய ஆரம்பிக்கும். சட்டகத்தை ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் அளவுக்கு க்ராப் செய்தாலும் (வெட்டினாலும்) 26 மெகாபிக்சல் மிஞ்சுகிறது. 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. காட்டுகிற அளவுக்குக் காட்டும், உங்கள் இப்போதைய கேமராவின் முழுப் படத்துக்கு இணையான பிக்சல்களோடு. ஆனால் க்ராப் செய்யும்போது வெட்டி எறிவது ஒளியையும் சேர்த்துத்தான்; ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலே இழப்பு (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்). நிஜமான 600 மி.மீ. லென்ஸ் அதே எஃப் எண்ணில் தருகிற படத்துக்கு அது ஈடாகாது. வெயில் ஏறியபின் தண்ணீர்ப் பரப்பையோ திறந்த வெளியையோ தாண்டி எடுக்கிறீர்கள் என்றால் இடையிலிருக்கிற காற்றே அலையடித்துப் படத்தைக் குழப்பும். அதை எந்தச் சென்சாரும் சரிசெய்யாது. காலையிலேயே போய், இன்னும் கொஞ்சம் கிட்டே போவதில் கிடைக்கிற தெளிவு எந்தக் கேமரா மாற்றத்திலும் கிடைக்காது.

பறக்கிற பறவை என்றால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். 61 மெகாபிக்சல் சென்சாரை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகிறது. சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் எடுத்தால் அதற்குள் சிறகு இடம் மாறியிருக்கும், படத்தில் வளைந்து தெரியும். மெக்கானிக்கல் ஷட்டரில் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் தொடர்ந்து எடுக்கும் வேகமும் மெமரி நிரம்பி நிற்கும் நேரமும் அங்கே தடையாகும். மின்சுற்றைச் சென்சாருக்கு அடியிலேயே அடுக்கி வேகமாகப் படிக்கிற அடுக்குச் சென்சார் கேமராக்கள் இதற்காகவே வந்தன: 2021-இல் வந்த 50 மெகாபிக்சல் சோனி ஏ1, அதே வருடத்தில் வந்த 45.7 மெகாபிக்சல் நிகான் இசட்9. இசட்9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது, அந்த அளவுக்கு வேகமாகப் படிக்கிறது. 45-க்கும் 61-க்கும் நீளவாக்கில் வித்தியாசம் 16 சதவீதம்தான். பறவைக்காகத்தான் மாறுகிறீர்கள் என்றால், அந்த 16 சதவீதத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஃபைல் அளவைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். 61 மெகாபிக்சல் ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) சுருக்காமல் எடுத்தால் சுமார் 120 எம்பி. தரம் குறையாத சுருக்கத்தில் 70 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், காட்சியைப் பொறுத்து ஏறி இறங்கும். ஒரு விசேஷத்தில் 2000 படம் எடுத்தால் 140 ஜிபி, இரண்டு பிரதி வைத்தால் 280 ஜிபி. 24 மெகாபிக்சலில் இதே வேலை அறுபது ஜிபிக்குள் முடிந்திருக்கும், பிரதி 120. எடிட் செய்ய 16 பிட் டிஃப் என்ற ஃபைல் வகைக்கு மாற்றினால் ஒரு படம் 360 எம்பியைத் தாண்டும், நாலைந்து லேயர் போட்டால் ஜிபிக் கணக்கு. ஹார்ட் டிஸ்க் விலை குறைந்துவிட்டது என்பார்கள். எனக்கு டிஸ்க்கைவிட நேரம்தான் பெரிய விஷயம். படம் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு படமும் திரையில் தெளிவாக வர அரை நொடி கூடுதலாகிறது, நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இரண்டரை மடங்கு நேரம் எடுக்கிறது. இதையெல்லாம் சேர்த்தால் ஒரு மாலைப் பொழுது போகும். சோனி ஏ7ஆர் 5 போன்ற புதிய கேமராக்களில் ரா ஃபைலையே 26 மெகாபிக்சலாகச் சிறிதாக்கி எடுக்க வசதி இருக்கிறது. விசேஷங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம், தயங்க வேண்டாம்.

ஃபோனில் 200 மெகாபிக்சல் வந்துவிட்டதே என்றும் ஒரு வரி கேட்டிருந்தார். அந்தப் பிக்சல்களின் அகலம் 0.6 மைக்ரான் அளவு. ஃபோன் லென்ஸ் எஃப் 1.7 என்றாலும் ஒளி வட்டம் 2.3 மைக்ரானுக்கு விரிகிறது, அதாவது ஒரே வட்டத்துக்குள் பல பிக்சல்கள் அடங்கிவிடுகின்றன. வழக்கமான பயன்பாட்டில் ஃபோனே 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. இந்த எண்ணை உங்கள் கேமராவின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். கேமராக்களில் இருக்கிற 240 மெகாபிக்சல் வசதி வேறு விஷயம்: சென்சாரை நுண்ணளவில் நகர்த்தி 16 படங்கள் எடுத்துக் கணினியில் சேர்ப்பது. ஓவியம், பழைய ஆவணம் போன்ற அசையாத பொருளுக்கு அருமையாக இருக்கும். இலை அசைந்தால்கூடக் கெட்டுவிடும்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? வாங்குவதற்கு முன்னால் இருக்கிற படங்களிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்குப் பிடித்த பறவைப் படங்களை எடுத்து 100 சதவீதத்தில் கண்ணையும் அதைச் சுற்றியிருக்கிற இறகையும் பாருங்கள். கண்ணில் விழுந்திருக்கிற வெளிச்சப் புள்ளி ஒரு பக்கமாக இழுபட்ட கோடாக இருந்தால் அது அசைவு. புள்ளி உருண்டையாக, ஆனால் குழைந்து இருந்தால் ஃபோகஸ் அல்லது காற்று. இந்த இரண்டில் எது இருந்தாலும் 61 உதவாது, இருக்கிற கேமராவிலேயே இன்னும் எடுக்க வேண்டியது மிச்சமிருக்கிறது. மாறாக, புள்ளி கூர்மையாக, பிக்சல் பிக்சலாகப் படிக்கட்டு மாதிரித் தெரிகிறது, இறகின் இழை இருந்தும் பிரியவில்லை என்றால், உங்கள் கையும் லென்ஸும் சென்சாரைத் தாண்டிப் போய்விட்டன. அப்போது கூடுதல் பிக்சல் ஒவ்வொன்றும் பலன் தரும். அதோடு, கடந்த ஒரு வருடத்தில் 20 அங்குலத்துக்கு மேல் எத்தனை பிரிண்டு போட்டீர்கள், எத்தனை படங்களைப் பாதிக்கு மேல் க்ராப் செய்தீர்கள் என்று உங்கள் எடிட்டிங் மென்பொருளில் இருக்கிற படத் தொகுப்பைப் பாருங்கள். இரண்டும் விரல்விட்டு எண்ணுகிற அளவு என்றால், வீட்டு விசேஷத்துக்கும் பயணத்துக்கும் 24 தாராளமாகப் போதும். அந்தப் பணத்தை நீளமான லென்ஸில் போடுங்கள்.

வாடகைக்குக் கிடைத்தால் 61-ஐ இரண்டு நாள் எடுத்து, உங்கள் சொந்த லென்ஸ்களையே மாட்டி, இரண்டு கேமராக்களிலும் ஒரே காட்சியை எடுத்துப் பாருங்கள். நாய்ஸைப் பார்ப்பதற்கு இரண்டையும் 24 மெகாபிக்சலுக்குச் சுருக்கி ஒப்பிடுங்கள், தெளிவைப் பார்ப்பதற்கு நீங்கள் போடப்போகிற அளவிலேயே பிரிண்டு எடுத்து ஒப்பிடுங்கள். வாங்குவதென்று முடிவானால், முதல் நாளே ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தைக் குவியத் தூரத்தின் இரண்டு மடங்குக்கு வையுங்கள், ஷட்டரின் முதல் திரையை மின்னணு முறைக்கு மாற்றுங்கள், ராவைத் தரம் குறையாத சுருக்கத்தில் போடுங்கள். கூடவே இரண்டாவது பிரதிக்கான டிஸ்க்கையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.